பெரியவளும் வாண்டும்

கண்ணைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, சொட்டு மருந்து விட்ட அந்த ஆஸ்பத்திரிப் பெண் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள். செண்பகவல்லிக்குக் கண்ணை மூடிய பிறகுதான் பார்க்க வேண்டியவை எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. கைப்பையின் ஜிப்பைப் போட்டோமா, கழற்றிய கண்ணாடி கூட்டுக்குள் போனதா, மடியில் கிடக்கிற செல்போனில் சத்தம் இருக்கிறதா, இல்லை வகுப்புக்குப் போகிற பழக்கத்தில் அமுக்கித் தொலைத்துவிட்டோமா. வகுப்பு ஏது, கல்லூரியில் மாலை போட்டு அனுப்பி வைத்தே வருடம் திரும்பிவிட்டது. மருந்து முதலில் சில்லென்று இறங்கியது, பிறகு எரிந்தது, பிறகு ஒரு கசப்பாகத் தொண்டையில் வந்து நின்றது. கண்ணில் விட்டது தொண்டைக்கு எப்படி வந்தது? கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் ஒரு சின்ன வழி இருக்கிறது, அழுதால் மூக்கு ஒழுகுவது அதனால்தான். கேள்வியும் அவளே, பதிலும் அவளே. ஆயுசு முழுக்க இயற்பியல் நடத்தியவளுக்கு வாயை மூடினாலும் வகுப்பு நிற்பதில்லை. மருந்து வேலை செய்து பாவை விரிய முக்கால் மணி நேரமாவது ஆகும், அதற்குள் இன்னும் இரண்டு முறை சொட்டு விடுவார்கள், அதற்குப் பிறகு டாக்டர் உள்ளே கூப்பிட்டுப் புரை எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்ப்பார். மதுரையில் பாதிப் பேர் இந்த மாதிரி ஒரு கூடத்தில் என்றாவது ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தவர்கள்தான். சொட்டு விடுவதற்கு முன்னால், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று அந்தப் பெண் கேட்டதற்கு, டீ குடிக்கப் போயிருக்கிறார்கள் என்று கூசாமல் ஒரு பொய் சொன்னாள். கணவர் ராஜாமணி பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறார். அவர் டீ குடிப்பவர்தான், அந்த அளவுக்கு அது பொய் இல்லை. ஜன்னல் இடது பக்கம் இருக்க வேண்டும், அங்கிருந்துதான் வெயில் முகத்தில் விழுகிறது. வெயில் இமையைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்து, இமைக்குள் எல்லாம் கனகாம்பரப் பூ நிறமாக ஆகிவிட்டது. அந்த நிறத்தைப் பார்த்ததும் மனசு பதறி விலகப் பார்த்தது. இப்போது வேண்டாம், போன் வரும்போது வரட்டும், அதுவரைக்கும் நினைக்க வேண்டாம். ஆனால் கண்ணை மூடியவளால் இன்னும் எதை மூட முடியும்? நிறம் அப்படியே நின்றது.

அந்த நிறத்துக்கு வானத்தில் ஒரு சொந்தக்காரி உண்டு. அவளுக்குப் பேர் கிடையாது, வானியல்காரர்களின் பட்டியலில் ஒரு நீளமான எண் மட்டும்தான். சுவாதி, ரோகிணி மாதிரி ஜாதகத்தில் ஏறி உட்காருகிற பவிசெல்லாம் இல்லை. ஊர் வெளிச்சம் இல்லாத இடத்தில் கூர்ந்து பார்த்தால் வெறுங்கண்ணுக்கே தட்டுப்படும் ஓர் ஆரஞ்சுப் பொட்டு. செண்பகவல்லி அவளைப் பெரியவள் என்பாள். பெரியவள் ஒரு காலத்தில் வெள்ளை வெளேரென்று எரிந்தவள், நம் சூரியனைவிடக் கனமானவள், அந்தக் கனத்துக்குத் தக்கபடி அவசரமாகச் செலவழித்தவள். நடுவில் இருந்த எரிபொருள் தீர்ந்துபோனது. தீர்ந்தால் அணைந்துதானே போக வேண்டும்? அதுதான் இல்லை. இதைச் சொல்லிக் கொடுக்கும்போதெல்லாம் செண்பகவல்லிக்குக் குரல் ஒரு படி ஏறிவிடும். உள்ளே தீர்ந்ததும் அவள் ஓரத்தில் இருந்ததைப் பற்றவைத்தாள், பற்றவைத்துப் பெருத்தாள், பழைய அளவைப் போலப் பல மடங்கு ஊதிப் பெருத்தாள், பெருக்கப் பெருக்க மேல்தோல் ஆறி, வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் ஆரஞ்சாகி, வயசாகிற காலத்தில் இளமையைவிட அதிகமாக வெளிச்சம் கொடுத்துக்கொண்டு நிற்கிறாள். யாருக்கு வாய்க்கும் அப்படி ஒரு முதுமை! ரிட்டையர் ஆன அன்றைக்குக் கூட்டத்தில் பேசச் சொன்னபோது செண்பகவல்லி இதைத்தான் பேசினாள், எல்லோரும் அவள் தன்னைப் பற்றிச் சொல்வதாக நினைத்துக் கை தட்டினார்கள். அவள் தன்னைப் பற்றிச் சொல்லவே இல்லை. அவள் வாழ்நாளில் பார்த்ததிலேயே அழகான ஒன்றைப் பற்றிச் சொன்னாள், அவ்வளவுதான். அந்தப் பெரியவளைச் சுற்றி ஒரு கோள் வருகிறது என்று பதினாலு வருடத்துக்கு முன்னால் கண்டுபிடித்த குழுவில் அவளும் ஒருத்தி. குழுவில் ஒருத்தி என்பது அவள் அடக்கத்துக்குச் சொல்வது, கோள் இழுப்பதால் பெரியவள் இம்மியளவு ஆடுகிற ஆட்டத்தை முதலில் கண்டது அவள்தான். வியாழனைவிடப் பெரிய அந்த உருண்டைக்கு வாண்டு என்று வீட்டுப் பேர் வைத்தது ராஜாமணி. இன்றைக்குத் தெரிந்துவிடும், வாண்டு இருக்கிறதா, இல்லை ஒருநாளும் இருந்ததில்லையா என்று. ஜெர்மனியிலிருந்து அவளுடைய பழைய மாணவி லீமா கூப்பிட்டுச் சொல்வாள்.

மடியில் போன் அதிர்ந்தபோது அவளும் சேர்ந்து அதிர்ந்தாள். கண்ணைத் திறந்தாள், திறக்கக் கூடாதென்பது திறந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. திரை ஒரு வெள்ளைப் புகையாகத் தெரிந்தது, எழுத்தும் இல்லை, பச்சையும் சிவப்பும் எந்தப் பக்கம் என்றும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் தேய்த்துப் பார்த்தாள். எதிலோ பட்டு ஒரு குரல் பேசியது. மேடம், உங்களுக்கு வங்கியிலிருந்து ஒரு கடன் சலுகை. வேண்டாம்ப்பா, வேண்டாம், வை. "கண்ணத் தொறக்காதீங்க டீச்சரம்மா, அந்தப் புள்ள வந்து வையும்" என்றது வலது பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல். டீச்சர் என்று எப்படித் தெரிந்தது? "சீட்டுல பேரு போடும்போது சொன்னீங்களே, காலேஜி டீச்சருன்னு. நான் விருமாயி. உசிலம்பட்டிப் பக்கம். எனக்கும் பொரைதான். இந்தா இங்கிட்டு ஒக்காந்திருக்குறது எங்க வீட்டுக்காரரு, ஒச்சப்பன்னு பேரு, டெம்போ ஓட்டுறாரு. அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியும். போனு வந்தா அவருகிட்டக் குடுங்க, எடுத்துத் தருவாரு." ஓர் ஆண் குரல் அதற்கு ஒத்து ஊதுவது போலத் தொண்டையைச் செருமியது. சரிங்க, என்றாள் செண்பகவல்லி, ரொம்ப நன்றி. விருமாயியின் குரலோடு கூடவே மல்லிகை வாசமும் கொஞ்சம் தைல வாசமும் வந்தன. முகம் எப்படி இருக்கும் என்று பார்க்காமலே ஒரு மனுஷியோடு பழகுவது இதுதான் முதல் தடவை என்று நினைத்தாள், நினைத்த உடனே அது தப்பென்று தெரிந்தது. பெரியவளின் முகத்தையும்தான் அவள் பார்த்ததில்லை. எந்தத் தொலைநோக்கியில் பார்த்தாலும் அவள் ஒரு புள்ளிதான். பார்த்ததெல்லாம் அவள் ஒளியைப் பிரித்துப் போட்ட நிறமாலை, ஊதாவிலிருந்து சிவப்பு வரை ஒரு நீளப் பட்டை, அதில் இரும்பும் கால்சியமும் போட்ட மெல்லிய கறுப்புக் கோடுகள். அந்தக் கோடுகள் இம்மியளவு இடம் மாறும். நம் பக்கம் வரும்போது ஊதாப் பக்கம், விலகும்போது சிவப்புப் பக்கம். எவ்வளவு வேகம்? எக்ஸ்பிரஸ் ரயில் முழு மூச்சில் போகிற வேகம் கூட இல்லை, ரோட்டில் பஸ் போகிற வேகத்தைவிடக் கொஞ்சம் அதிகம் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னாள். ஒளி கிளம்பி இங்கே வந்து சேரவே தலைமுறைகள் ஆகிற தூரத்தில் ஒரு மாபெரும் நெருப்பு உருண்டை பையப் பைய முன்னால் வருவதையும் பின்னால் போவதையும் ஒரு மலை மேல் உட்கார்ந்து அளக்க முடிகிறதே! அதை முதல் முதலில் அளந்து காட்டியவர்களின் காலைத் தொட்டுக் கும்பிடலாம். அவள் கும்பிட்டிருக்கிறாள், மனசுக்குள்.

வாண்டு கிடைத்தது ஒரு பகல் நேரத்தில்தான். ஊர் எல்லாம் கண்டுபிடிப்பு என்றால் நள்ளிரவு, தொலைநோக்கி, நடுங்கும் கை என்று நினைத்துக்கொள்கிறது. கோடை விடுமுறையில் மலை மேல் இருக்கிற ஆய்வகத்து உணவறையில், ரசத்துக்கு அப்பளம் தீர்ந்துபோய்விட்டதென்று சமையல்காரர் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தபோது, மடிக்கணினியில் ஐந்து வருடமாக அளந்த வேகப் புள்ளிகளைச் சும்மா ஒரு தாளத்துக்கு மடித்து, சுற்றின் மேல் சுற்றாக அடுக்கிப் பார்த்தாள். இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவான ஒரு தாளம். அதுவரை மழையில் நனைந்த எறும்புக் கூட்டம் மாதிரி சிதறிக் கிடந்த புள்ளிகள் எல்லாம் ஒரு வளைவில் வந்து அமர்ந்தன, மேலே ஏறி, இறங்கி, மறுபடி ஏறி. தட்டில் கை காய்ந்துபோகும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒருத்தர் அந்தப் பெரியவளை இழுத்து இழுத்து விடுகிறார், கூடவே இருந்துகொண்டு, விடாமல். அந்தச் சந்தோஷத்தை அவள் மகன் பிறந்தபோது கூட, சரி, அதை ஒப்பிட வேண்டாம், மகன் கோபித்துக்கொள்வான். பேப்பரில் வந்தது. கோவில்பட்டியில் பஸ் நிலையத்துக்கு எதிரில் அவள் படத்தைப் போட்டு எங்கள் ஊர் மகள் என்று ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். அடித்துக் கொடுத்தவன் எங்கிருந்தோ எடுத்து அவள் தலைக்கு மேலே வளையத்தோடு சனிக் கோளைப் போட்டிருந்தான். சனியைத் தலைக்கு மேலே வைத்திருக்கிறார்களே என்று சொந்தக்காரர்கள் பயந்து போனார்கள், பரிகாரம் செய்யச் சொன்னார்கள். அந்த ஃப்ளெக்ஸை அப்புறம் ஒரு கடலைமிட்டாய்க் கடைக்காரர் வெல்ல மூட்டைக்குப் போர்த்தியிருந்ததை அவளே பார்த்தாள், சனி மட்டும் வெளியே தெரிந்தது. சிரிப்பாக வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, ஆனால் சிரித்தால் மருந்து வழியும். அந்த வளைவுக்குள்தான் எத்தனை பேர் குடியேறினார்கள். பாடப் புத்தகத்தில் ஒரு வரி வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்டார்கள், அங்கே தண்ணீர் இருக்குமா, ஆள் இருக்குமா, வாண்டிலிருந்து பார்த்தால் பெரியவள் எப்படித் தெரிவாள் என்று. அதற்கு மட்டும் அவள் நேரம் போவது தெரியாமல் பதில் சொல்வாள். வாண்டின் வானத்தில் பெரியவள் நம் சூரியனைப் போலப் பல மடங்கு அகலத்தில் எழுவாள், எழுந்து முடியவே வெகு நேரம் ஆகும், பாதி மேலே வந்தும் மீதி வந்துகொண்டே இருப்பாள், மேகமெல்லாம் கனகாம்பரமாகிவிடும். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். சொன்னதில் பொய் இல்லை. வாண்டு இருந்தால் அப்படித்தான் இருக்கும். இருந்தால்.

இருந்தால் என்ற அந்த ஒரு சொல்லில்தான் மூன்று மாதமாக அவள் மனசு மாட்டிக்கொண்டு கிடக்கிறது, சேலை முந்தானை கதவிடுக்கில் மாட்டிக்கொண்ட மாதிரி, நகர்ந்தால் இழுக்கிறது. லீமா சொன்னது எளிய விஷயம். வயசான பெரிய நட்சத்திரங்கள் மெல்லச் சுழலும், அவற்றின் மேல்தோல் ஒரே சீராக இருக்காது, ஒரு பக்கம் கொதித்து எழும், ஒரு பக்கம் அமுங்கும், அந்தத் திட்டுகள் சுழன்று வரும்போது கோடுகள் இடம் மாறுவதுபோலத் தெரியும். கோள் இழுத்தாலும் அதே ஆட்டம், தானே சுழன்றாலும் அதே ஆட்டம். எது என்று பிரிக்க ஒரு வழி உண்டு. கோள் இழுத்தால் எந்த நிறத்தில் அளந்தாலும் ஆட்டம் ஒரே அளவாக இருக்கும். நட்சத்திரத்தின் சொந்த ஆட்டமென்றால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் அளக்கும்போது குறைந்துவிடும். அகச்சிவப்பில் அவ்வளவு நுணுக்கமாக அளக்கிற கருவி முன்னால் கிடையாது, இப்போது இருக்கிறது. லீமா அதில் நேரம் கேட்டு வாங்கி மூன்று வருடமாக அளந்திருக்கிறாள், இன்றைக்குக் கணக்கு முடிகிறது. குளச்சலில் வலை பின்னுகிறவர் மகள், முதல் வருட வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மேம் இது அவளோட சொந்த ஆட்டமா ஏன் இருக்கக் கூடாது என்று கேட்டவள். அதெல்லாம் பார்த்தாச்சு என்றாள் செண்பகவல்லி. பார்த்துத்தான் இருந்தார்கள், அன்றைக்குக் கையில் இருந்த அத்தனையையும் வைத்து ஒழுங்காகத்தான் பார்த்தார்கள், பெரியவளின் வெளிச்சம் கூடுகிறதா குறைகிறதா என்று வருடக் கணக்கில் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. அதில் அவளுக்கு உறுத்தல் இல்லை. உறுத்தல் வேறொன்றில். புரை வந்த கண்ணுக்கு எல்லாம் கொஞ்சம் மஞ்சளாகத் தெரியுமாம், மெல்ல மெல்ல மஞ்சளாவதால் ஆளுக்கே தெரியாதாம், ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்ததும் அட, வானம் இவ்வளவு நீலமா என்பார்களாம். அப்படியென்றால் கடைசியாக மலைக்குப் போனபோது வெறுங்கண்ணால் அண்ணாந்து பார்த்து அழகு, அழகு என்று பூரித்துப் போனாளே, அந்த ஆரஞ்சில் எவ்வளவு பெரியவளுடையது, எவ்வளவு தன் கண்ணுடையது? கண் பரவாயில்லை, கண்ணை மாற்றிவிடலாம். அவள் பயப்படுவது தன் வாயைப் பார்த்துத்தான். லீமா போன வாரமே சொல்லிவிட்டாள், மேம், கணக்கு எப்படி வந்தாலும் நீங்க சொன்னாத்தான் வெளியிடுவேன், நீங்க வேண்டாம்னா வச்சிருவேன். நல்ல பிள்ளை, அவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்திருக்க வேண்டாம். வாண்டு இல்லை என்று அவள் சொன்னால், இரு, பார்ப்போம் என்று இந்த வாய் சொல்லிவிடுமோ? இரு, இன்னும் இரண்டு வருடம் அளப்போம். இரு, அவசரம் என்ன. எத்தனை நியாயமான சொல் அது, எந்த விஞ்ஞானியும் குறை சொல்ல முடியாத சொல். நேற்றுப் பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்த்து அதையே சொல்லிப் பார்த்தாள். குரல் கச்சிதமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

இரண்டாம் தடவை சொட்டு விட்டுவிட்டுப் போனார்கள். மறுபடி அதே சில்லிப்பு, எரிச்சல், கசப்பு. போன் அதிர்ந்தது, ஒச்சப்பனிடம் நீட்டினாள். "ராஜான்னு போட்டிருக்குங்க" என்று அவர் அமுக்கிக் கொடுத்தார், ஸ்பீக்கரில். ராஜாமணியின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "என்ன, ஒத்தையிலயா போய் உக்காந்திருக்க? நான் வர்ற வரைக்கும் பொறுத்தா என்னவாம்? சரி, அந்தப் பிள்ள பேசுச்சா? வாண்டு எப்படி இருக்கான்?" இன்னும் பேசவில்லை என்றாள், குரல் இறங்கிப்போனதை அவர் கண்டுபிடித்திருக்க வேண்டும், சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தார். போனை வாங்கும்போது அவள் முகம் போன போக்கை ஒச்சப்பன் பார்த்து மனைவியிடம் மெல்லச் சொன்னார். விருமாயி மெல்லச் சொல்லுகிற ஆள் இல்லை. "யாருக்கு டீச்சரம்மா முடியல? பேரனா? வாண்டுன்னாரே." யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பேசும்போது பொய் சொல்ல வரவில்லை, அவள் சொன்னாள். "பேரன் இல்லம்மா. வானத்துல ஒரு நட்சத்திரம், அதைச் சுத்தி ஒரு கோள். நாங்க கண்டுபிடிச்சது. கோள் கண்ணுக்குத் தெரியாது. நட்சத்திரம் ஆடுறதை வச்சுத்தான் கோள் இருக்குன்னு சொன்னோம். இப்ப, ஒருத்தி தூரத்துல நமக்கு முன்னால சாய்ஞ்சு சாய்ஞ்சு நடந்து போறான்னு வைங்க. இருட்டுல சரியாத் தெரியல. இடுப்புல பிள்ள இருக்கிறதால சாயுறாளா, இல்ல அவ நடையே அப்படியா? பிள்ள இருக்குன்னு நான் சொல்லிட்டேன். ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன். இப்ப ஒரு பொண்ணு கிட்டப் போய்ப் பாத்துட்டு இருக்கா." "எம்புட்டுத் தொலவு?" என்று ஒச்சப்பன்தான் முதலில் கேட்டார். ரொம்பத் தூரம், வெளிச்சமே வந்து சேர உங்க தாத்தா காலத்துக்கும் முன்னால கிளம்பியிருக்கணும். அவர் அம்மாடி என்றார். "அவ எப்பிடி இருப்பா, அந்தப் பொம்பள?" என்று விருமாயி கேட்டாள். கனகாம்பரக் கலர்ல, என்றாள் செண்பகவல்லி, வயசானவ, ரொம்பப் பெரியவ, அப்படியொரு அழகு. சொல்லும்போது நெஞ்சு நிறைந்துபோய்விட்டது, எங்கே இருக்கிறோம் என்பது கூட ஒரு கணம் மறந்தது. "வயசானவளுக்கு இடுப்புல புள்ள இருந்தாத்தான் சந்தோசம்" என்றாள் விருமாயி. "இருக்கும், பாருங்க."

இருக்கும் என்று ஒரு வாய் சொன்னதும் எவ்வளவு ஆறுதலாக இருக்கிறது, வெட்கம் கெட்ட மனசு. லீமாவின் ஆசிரியை இப்படி ஆறுதல் தேடலாமா? அந்தப் பெண் அங்கே தனி அறையில் உட்கார்ந்துகொண்டு தன்னை வளர்த்தவளின் பிள்ளையைப் பரிசோதிக்கிறாள். எப்படி நடுங்கியிருக்கும் அவளுக்கு. அதை அவள் தைரியமாகச் செய்கிறாளே, அந்தத் தைரியத்தை எங்கிருந்து எடுத்தாள், தன்னிடமிருந்து இல்லை என்று செண்பகவல்லிக்கு நிச்சயமாகத் தெரியும். தான் அந்த வயதில் தன் பேராசிரியருடைய லென்ஸைக் கூட அனுமதி கேட்டுத்தான் துடைத்தாள். லீமா கல்லூரிக்கு வந்த புதிதில் மீன் வாசம் வருகிறதென்று யாரோ சொன்னதற்கு, ஆமா, கடல் பக்கத்துல இருந்து வர்றேன், நீங்க எங்க இருந்து வர்றீங்க என்று கேட்டாளாம். நினைத்தால் பெருமையாக இருக்கிறது. இமைக்குள் கனகாம்பரம் இப்போது இன்னும் அடர்த்தியாகிவிட்டது, பாவை விரிய விரிய வெளிச்சம் அதிகமாக உள்ளே வருகிறது போல. அந்த நிறத்துக்குள்ளே சின்னச் சின்னத் திட்டுகள் எழும்பின, நகர்ந்தன, அமுங்கின. சொந்தக் கண்ணின் இரத்தம்தான். ஆனால் பெரியவளின் மேல்தோல் இப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு கொதிப்பும் நம் சூரியன் அகலத்துக்கு, கீழே இருந்து கிளம்பி மேலே வந்து ஆறி மறுபடி உள்ளே போக மாசக் கணக்காகும், அவசரமே இல்லாமல், வயசானவர்கள் மூச்சு வாங்குகிற மாதிரி. இதை அவள் ஒருநாளும் இப்படி நினைத்துப் பார்த்ததில்லை. பதினாலு வருடமாக அந்தக் கொதிப்பையெல்லாம் அவள் இரைச்சல் என்றுதான் எழுதிக்கொண்டிருந்தாள். வாண்டின் தாளத்துக்கு இடைஞ்சலான இரைச்சல், கழித்துவிட வேண்டியது, வடிகட்ட வேண்டியது. பெரியவளை வடிகட்டிவிட்டு வாண்டை வைத்துக்கொண்டாள். எதிரே இருப்பவள் மூச்சு விடுகிறாள், அதைப் போய், என்று நினைத்தபோது மூன்றாம் சொட்டு விழுந்தது, அதோடு போனும் அதிர்ந்தது.

"பிளஸ் போட்டு ஏதோ நம்பரு" என்றார் ஒச்சப்பன். அவர் அமுக்கினார், மறுபடியும் ஸ்பீக்கர்தான், அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு வழிதான் போலிருக்கிறது. ஸ்பீக்கரை அணைக்கச் சொல்ல வாய் வரவில்லை. "மேம்" என்றது போன். அந்த ஒரு சொல்லிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் சொல்லு பிள்ள என்றாள். "மேம், இல்ல மேம். அகச்சிவப்புல ஆட்டம் பாதி கூட இல்ல. கோளா இருந்தா ஒரே அளவுதான வரணும். முதல்ல இருந்து ரெண்டு தடவ போட்டுப் பாத்துட்டேன், இன்னொரு ஆள விட்டும் பாக்கச் சொன்னேன். அது அவளோட ஆட்டம்தான் மேம். அவ சுத்துறதுதான்." கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "நான் இத எந்த ஜர்னலுக்கும் அனுப்பல மேம். நீங்க சொன்னாத்தான். இன்னும் கொஞ்சம் அளந்து பாக்கலாம்னு நீங்க நெனச்சா அப்படியே இருக்கட்டும். எனக்கு ஒரு அவசரமும் இல்ல." வந்துவிட்டது. அவள் கேட்காமலே, தட்டில் வைத்து நீட்டுகிற மாதிரி, அவள் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த அந்தச் சொல்லையே அந்தப் பெண் எடுத்துக் கொடுக்கிறாள். இரு, பார்ப்போம். நாக்கு நுனியில் மருந்தின் கசப்போடு அது வந்து நின்றது. இரு என்று சொல்ல வாயைக் கூடத் திறந்துவிட்டாள்.

அப்போது ஒரு கை அவள் முழங்கையைத் தடவிக்கொண்டு இறங்கி, விரலைத் தேடிப் பிடித்தது. காய்ப்புக் காய்த்த, சூடான கை. விருமாயியும் கண்ணைத் திறக்கவில்லை, தடவித்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள், துட்டி கேட்கப் போகிற இழவு வீட்டில் வாசலைத் தாண்டியதும் பெண்கள் பிடித்துக்கொள்வார்களே, அந்தப் பிடி. "போயிருச்சா" என்றாள். கேள்வியாக இல்லை. பிறகு துட்டி வீட்டில் எல்லோரும் கேட்பதைக் கேட்டாள். "எம்புட்டு வருசமா இருந்துச்சு, டீச்சரம்மா?" பதினாலு, என்று வந்துவிட்டது செண்பகவல்லிக்கு. வந்த பிறகுதான் உள்ளே இருந்த டீச்சர் விழித்துக்கொண்டு திருத்தினாள். "போகலம்மா. சாகல. அது இருந்ததே இல்ல. நாங்கதான் இருக்குன்னு நெனச்சிட்டோம்." விருமாயி பிடியைத் தளர்த்தவில்லை. "இல்லாததுக்கா கை இந்த நடுக்கம் நடுங்குது?" என்றாள். "வளத்தவளுக்குத்தான் தெரியும்." ஒச்சப்பன் போனை ஏந்தியபடியே இருந்தார், சின்னதாக ச்சு கொட்டினார். எதிர் வரிசையில் யாரோ பேச்சை நிறுத்திவிட்டார்கள், யாரோ ஒருத்தர் என்ன வயசு என்று பக்கத்தில் கேட்பது காதில் விழுந்தது. இந்த மூன்று மாதமாக ராஜாமணி தேற்றினார், மகன் தேற்றினான், பரவாயில்லை, விஞ்ஞானத்தில் இதெல்லாம் சகஜம், தப்பு இல்லை என்றார்கள். இழவு என்று யாரும் சொல்லவில்லை. செண்பகவல்லி அழுதாள், மருந்து போட்ட கண்ணோடு, மூக்கு ஒழுக, கூடத்தில் அத்தனை பேர் முன்னால், ஜெர்மனியில் ஒரு பெண் கேட்டுக்கொண்டிருக்க, அவளால் அழுகையை நிறுத்த முடியவில்லை. விருமாயி அழவிட்டாள். எவ்வளவு நேரம் அழவிட வேண்டும் என்று தெரிந்தவள், அவ்வளவு நேரம் விட்டாள். பிறகு கையை ஒரு தடவை அழுத்தி, துட்டி வீட்டில் அடுத்ததாகக் கேட்கிற கேள்வியையும் கேட்டாள். "எப்ப எடுக்கிறீங்க?" செண்பகவல்லி போன் இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பினாள். "அந்தப் புள்ள ஒங்க சொல்லுக்குக் காத்துக்கிட்டு நிக்கிது. வச்சுக்கிட்டு இருக்கக் கூடாது டீச்சரம்மா. எம்புட்டு ஆசையா வளத்திருந்தாலும் வச்சுக்கிட்டு இருக்கக் கூடாது. எடுத்திரணும்."

"மேம்? மேம், லைன்ல இருக்கீங்களா?" என்றது போன். செண்பகவல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். இரு என்ற சொல்லைத் தேடிப் பார்த்தாள், எங்கே போனதென்று தெரியவில்லை. "இருக்கேன். லீமா, இன்னைக்கே அனுப்பிரு. எம் பேரையும் போட்டு அனுப்பு." அந்தப் பக்கம் அழுகை பலமாகக் கேட்டது. "மேம், உங்களுக்கு..." "அழாத பிள்ள" என்றாள். "பெரியவ இருக்கா. இத்தன வருசமும் ஆடினது அவதான்னா, இனிமே நாம அவளத்தான் பாக்கணும்."